இருட்டறைப் பரிசோதனை

1954 ஜூலை 17, சனிக்கிழமை, பிற்பகல் மூன்றே கால் மணி. தீவின் தலைநகரான போர்ட் லூயிஸில் மெல்லிய தூறல்.

“இன்னைக்கும் நான் பக்கத்து வீட்டு ஊகெட் வீட்டுலதான் போய்க் குளிக்கணுமா? அவ புருஷன் என் தலையைக் கண்டாலே சோப்பை ஒளிச்சு வைக்கிறான்!” என்றாள் ருக்மணி.

“மெதுவா பேசு. மிஸ்யே ரோபெர் உள்ள இருக்கார்,” என்றான் அவள் கணவன் ராமசந்திரன்.

நகரின் டிராங்கெபார் பகுதியில் அவர்கள் குடியிருந்த தகரக் கூரை வீட்டின் ஒரே குளியலறை, இப்போது புகைப்பட இருட்டறை. சன்னலைக் கறுப்புத் துணி மூடியிருந்தது. கதவிடுக்குகளைக் கோணி அடைத்திருந்தது. ருக்மணி சீதனமாகக் கொண்டுவந்த எனாமல் தட்டுகளில் படம் கழுவும் மருந்துகள் நிறைந்திருந்தன.

நகரத்துக் கனவான்களின் புகைப்படச் சங்கம் ஆண்டுதோறும் கண்காட்சி நடத்தும். உறுப்பினர்களின் படங்களுக்கு மட்டுமே அங்கே சுவரில் இடமுண்டு. உறுப்பினராக விரும்புபவர் வீட்டில் குறையற்ற இருட்டறை வைத்திருக்க வேண்டும். அதைச் சங்கச் செயலாளர் ரோபெர் நேரில் சோதிக்க வேண்டும். சுங்க அலுவலக எழுத்தரான ராமசந்திரன், துறைமுகத்தில் மூட்டை சுமப்பவர்களை எடுத்த படம் ஒன்று, அந்தச் சுவருக்காகக் காத்திருந்தது.

“முதல் தடவை ஆணித் துவாரத்துல வெளிச்சம்னார்; அடைச்சீங்க. அடுத்த தடவை பலகை தாழ்வா இருக்கு, இடுப்பு வலிக்குதுன்னார்; உசத்துனீங்க. இன்னைக்கு முக்காலி கேட்கிறார். இடுப்பு அவரோடது, அறை நம்மளோடது!”

“அனுபவஸ்தர் சொன்னா காரணம் இருக்கும்.”

“தன் மகளோட கல்யாணப் படத்தையெல்லாம் இங்கேயே கழுவி எடுத்துக்கிட்டுப் போனாரே, அதுக்கு என்ன காரணம்?”

“நெகடிவ் இல்லாம இருட்டறையை எப்படிச் சோதிக்கிறதாம்?”

“ஆயோ! சோறு வெந்துதான்னு பார்க்க ஒரு பருக்கை போதும். இவர் பானையையே காலி பண்றார்!”

கதவு திறந்தது. சிவப்பு விளக்கை அணைத்துவிட்டு, ஈரப் படங்களைக் கவனமாக ஏந்தியபடி ரோபெர் வெளியே வந்தார். கையைத் துடைக்க ருக்மணியின் துண்டையே எடுத்துக்கொண்டார்.

“உன் இருட்டுல ஒரு குறையும் இல்லை, ராமசந்திரன். ட்ரே பியென்! எங்கள்ல யார் வீட்டுலயும் இப்படி ஓர் இருட்டு கிடையாது.”

“மெர்சி, மிஸ்யே!” ராமசந்திரன் குனிந்து நிமிர்ந்தான், மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தான். அவள் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப... முடிவு எப்போ தெரியும், மிஸ்யே?”

“குழு நேத்தே கூடி முடிவு பண்ணியாச்சு. தலைவர் கையெழுத்தும் போட்டுட்டார்.”

“இன்னைக்குச் சோதனை முடியறதுக்கு முன்னாடியேவா?” என்று கேட்டாள் ருக்மணி.

“நல்ல இருட்டைத் தெரிஞ்சுக்க எனக்கு ரெண்டு தடவை போதும், மதாம். இன்னைக்கு வந்தது என் வேலைக்கு.”

ராமசந்திரனுக்கு அதற்கு மேல் எதுவும் காதில் விழவில்லை. கோயிலில் திருநீறு வாங்குவதுபோல் வலக்கையின் கீழே இடக்கையை வைத்து நீட்டினான். ரோபெர் கோட்டுப் பையிலிருந்து கையெழுத்திட்ட முடிவுத் தாளை எடுத்து, அந்தக் கையில் வைத்தார்.

“ஏகமனதான முடிவு: அறையைச் சங்கத்துல சேர்த்துக்கிட்டோம், உன்னை இல்லை. மத்த உறுப்பினர்கள் திங்கட்கிழமை வருவாங்க; சாவியைக் கொடு.”