நூர்'ஐனிக்கு ஒரு வழி

"அந்தக் குறியை எடுத்துடு தென்றி. அவங்களும் கப்பல் ஏறிடுவாங்க, நாமளும் சாப்பிடப் போகலாம்," என்றான் பாசோ.

தென்றி நாற்காலியை விட்டு அசையவில்லை. "எடுக்க மாட்டேன் அண்ணே. அவ பேரு நூர்'ஐனி. நூர்னு சொல்லி, தொண்டையில கொஞ்சம் நிறுத்தி, அப்புறம்தான் ஐனி. குறியை எடுத்தா நூரைனி. அது வேற யாரோ."

மகாசார் துறைமுகத்தை ஒட்டிய மாடியில், தீவுகளுக்குப் போகும் கப்பல்களுக்குச் சீட்டு விற்கும் அலுவலகம் அது. நிரல் எழுத இருப்பது அவர்கள் இருவர்தான். அலுவலகக் கணினி பயணியின் விவரங்களை ஒரு பொட்டலமாகக் கட்டி அனுப்பும். துறைமுக வாசலில் ஊழியர் கையில் இருக்கும் கருவி அதைப் பிரித்துப் படித்து, வழி விடும்.

பொட்டலம் கட்டுவதற்கு ஜேசன் என்று ஒரு முறை உண்டு. அதில் எழுத்துகள் இரட்டை மேற்கோளுக்குள்தான் இருக்க வேண்டும். அவர்கள் நிரல் எழுதும் பைத்தான் மொழியில் அப்படிக் கட்டித்தர ஒரு கட்டளையே இருக்கிறது. பாசோ முன்பு ஏதோ அவசரத்தில் அதைப் பயன்படுத்தாமல் விவரங்களை அப்படியே எழுத்தாக்கி அனுப்பிவிட்டான். பைத்தான் தன் வழக்கப்படி ஒற்றை மேற்கோள் போட்டது. அதனாலென்ன என்று, வாசல் கருவியிடம், வந்து சேரும் ஒற்றைக் குறிகளையெல்லாம் இரட்டையாக மாற்றிப் படிக்கச் சொல்லிவிட்டான். வேலை நடந்தது. பெயருக்குள்ளேயே ஒற்றைக் குறி உள்ளவர்கள் வந்தால்தான் வம்பு. குறி வந்த இடத்தில் பெயர் முடிந்துவிட்டதாக எண்ணி, மீதியைப் பார்த்துத் திகைத்து, கருவி நின்றுவிடும்.

மகாசாரில் அப்படிப்பட்ட பெயர்கள் தெருவுக்கு நாலு.

"காலையில மா'ரூப்னு ஒருத்தர் மாட்டினார். மாரூப்னு போட்டுக் கொடுத்தேன். சந்தோஷமா போயிட்டாரே," என்றான் பாசோ.

"அவருக்குக் கப்பலுக்கு நேரமாச்சு. போயிட்டார். சந்தோஷமான்னு கேட்டீங்களா?"

"இந்தம்மா ரொம்பப் பிடிவாதமோ?"

"அவங்க அம்மா மாதிரி."

"அம்மாவையும் தெரியுமா உனக்கு? சரிதான். போன்ல கத்தினாங்களா?"

"சத்தமே போடல. ஆனா நேத்து ராத்திரி என்னைத் தூங்க விடல."

பாசோ தலையில் கை வைத்துக்கொண்டான். "ராத்திரியிலயுமா? நம்பரைக் குடு, நான் பேசிக்கறேன். வாசல்ல இருக்கற கருவி எல்லாத்தையும் மாத்தணும் தென்றி. பெருநாள் கூட்டம் வேற. ஏதாவது ஒண்ணு தப்பினா ஊரே வாசல்ல நிக்கும். முதலாளி என்னைக் கடல்ல தள்ளிடுவார். நீ லீவு முடிஞ்சு வா, நிதானமா பண்ணலாம்."

"நாளையிலேர்ந்து லீவுங்கறதாலதான் இன்னைக்கே கேக்கறேன். இங்க குறியை எடுத்தா பள்ளிக்கூடத்துல எடுப்பான், பேங்குல எடுப்பான், பாஸ்போர்ட்டுல எடுப்பான். போற இடமெல்லாம் அவ பேருக்காக அவ சண்டை போடணுமா?"

"ஊர்ல இருக்கற எல்லாக் கணினியையும் நாம திருத்த முடியுமா?"

"நம்மளதைத் திருத்தலாமே."

பாசோ நாற்காலியைப் பின்னால் தள்ளினான். எழுந்து கீழே போனான். கோபித்துக்கொண்டு போய்விட்டான் என்றுதான் தென்றி நினைத்தாள். இலையில் சுட்டு நசுக்கிய வாழைப்பழமும் மேலே வெல்லப்பாகுமாகத் திரும்பி வந்தான். அவள் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு விசைப்பலகையை இழுத்துக்கொண்டான்.

"முதல்ல பிரிக்கற பக்கம். ஒழுங்கான பொட்டலம் வந்தா ஒழுங்கா பிரிக்கட்டும். பிரிக்க முடியலைன்னா பழைய வழியில பிரிக்கட்டும். ரெண்டும் ஓடும். எல்லாக் கருவிக்கும் அது போய்ச் சேர்ந்த பிறகு நீ கட்டற பக்கத்தை மாத்து. சரியா?"

"இதை ஏன் அண்ணே காலையிலயே சொல்லல?"

"காலையில எனக்குச் சோம்பேறித்தனம். சாப்பிடு."

மதியம் முழுக்க வேலை நடந்தது. கருவிகள் ஒவ்வொன்றாகப் புதிய நிரலை வாங்கிக்கொண்டன. தென்றி தன் பக்கத்தில் பழைய வரியை அழித்து, சரியான கட்டளையை எழுதினாள். அனுப்பும் பொத்தானுக்கு மேல் அவள் விரல் நின்றது.

"சீட்டு எண் சொல்லு, அவங்களையே அனுப்பிப் பாப்போம்," என்றான் பாசோ.

"அவ இன்னும் சீட்டு எடுக்கல. வெறும் சோதனைச் சீட்டு போடுங்க."

பாசோ வாசல் ஊழியரைத் தொலைபேசியில் பிடித்தான். ஒலிபெருக்கியில் கப்பலின் சங்கும் கூட்டத்தின் இரைச்சலும் கேட்டன. தென்றி பொத்தானை அழுத்தினாள். அந்தப் பக்கம் சற்று நேரம் ஒன்றுமே இல்லை. பாசோ ஒலிபெருக்கியின் பக்கம் குனிந்தான்.

"வந்துடுச்சு," என்றது தொலைபேசி. "நூர்... ஐனி. நடுவுல ஒரு குறி இருக்கு. பச்சை விளக்கு எரியுது. யாரு இது, பெரிய இடமா?"

பாசோ நாற்காலியில் சாய்ந்து மூச்சு விட்டான். சாயங்காலக் கப்பலில் ஆட்கள் ஏறி முடிக்கும்வரை இருவரும் ஜன்னலிலேயே நின்றார்கள். ஒருவரும் வாசலில் மாட்டவில்லை.

"சரி, ஜெயிச்சுட்டே," என்றான் பாசோ. "உன் நூர்'ஐனி எந்தக் கப்பலுக்கு வர்றாங்கன்னு சொல்லு. வாசல்ல நானே நின்னு கூப்பிட்டுக்கறேன். இவ்வளவு பாடு படுத்தினவங்க முகத்தைப் பாக்க வேண்டாமா?"

"எனக்கும் பாக்கணும்னுதான் இருக்கு அண்ணே. அடுத்த மாசம்னு டாக்டர் சொல்லியிருக்கார்," என்ற தென்றி, மேஜையைப் பிடித்து மெல்ல எழுந்து, தன் நிறைமாத வயிற்றின் மேல் கை வைத்தாள்.