நடு இருக்கை

நடுவில் நான். இடப்பக்கம் மாமியார், வலப்பக்கம் இறந்துபோன என் மனைவியின் தங்கை மஞ்சரி. அவளை எனக்கே கட்டிவைக்கத்தான் இந்தச் சினிமா என்று மூவருக்கும் தெரியும். திரையில் மாப்பிள்ளை, தனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும் என்று மணப்பெண்ணிடம் சொன்னான். மாமியார் இருமும்வரை சிரித்தார்.

மஞ்சரி என் காதருகே குனிந்தாள். "எனக்கும் அப்படித்தான் அத்தான். பொண்ணுங்களைத்தான்."

"நான் வேண்டாம்னு சொல்லிடறேன்."

"சரின்னு சொல்லுங்க. நீங்க மாட்டேன்னா வேற எவனாவது வருவான். நீங்க என்னைத் தொட மாட்டீங்க. அக்கா போனதுலேர்ந்து சோத்தையே ஒழுங்கா தொடறதில்ல."

மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என்ன மாப்ளே, என்ன சொல்றா?"

"சம்மதமாம் அத்தை."

அவர் என் கையை எடுத்து அவள் கைமேல் வைத்து, தன் கையால் மூடினார். இடைவேளை விளக்குகள் எரிந்த பிறகும் எடுக்கவில்லை.