மரங்கொத்தி அனுப்பிய திருத்தம்

மரங்கொத்தி என்ற பெயரில் வந்த ஆசாமி என் நிரலில் கைவைத்தது ஒரே ஒரு வரியில்தான். அந்த வரியையே தூக்கியிருந்தார்.

பேச முடியாதவர்களுக்காக நான் எழுதிய செயலி அது. போனில் தட்டினால் வாய்விட்டுச் சொல்லும். இலவசம். அதை இயக்கும் கட்டளை வரிகளான நிரல் எல்லோர் பார்வைக்கும் திறந்தே கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம். சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்பவன் நான்.

வீட்டில் திரைச்சீலை நிறத்தில்கூட எனக்கு ஓட்டுரிமை கிடையாது. அதனால் இந்தப் பதவியைக் கொஞ்சம் அனுபவித்தே வகிக்கிறேன்.

என் சட்டம் ஒன்றுதான்: காரணம் எழுதாமல் ஒரு வரியும் உள்ளே வரக்கூடாது, வெளியே போகவும் கூடாது. ஒரு காற்புள்ளியை மாற்றியவரையே குறுக்கு விசாரணை செய்திருக்கிறேன். முதுகுக்குப் பின்னால் என் பெயர் ஹெட்மாஸ்டர்.

மரங்கொத்தி காரணம் எழுதியிருந்தார்.

'எல்லா வார்த்தையும் தட்டின உடனே வருது. "ஏங்க"ன்னு தட்டினா மட்டும் அரை நொடி நின்னு வருது. எதுக்குன்னு யாரும் எழுதி வைக்கல. அவசரத்துக்குக் கூப்பிடறவங்க பாவம். அதான் தூக்கிட்டேன்.'

எழுதி வைக்காத அந்த 'யாரும்' நான்தான்.

செயலியின் குரல் என் மனைவியுடையது. ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முந்தின வாரம், ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, வியர்க்க வியர்க்க உட்கார்ந்து பதிவு செய்தோம். எல்லாம் நன்றாக வந்தது, 'ஏங்க'வைத் தவிர.

மைக்குக்கு முன்னால் அது வெறும் வார்த்தையாக இருந்தது. நிஜத்தில் அவள் கூப்பிட்டால் முதலில் ஒரு மூச்சு வரும். சின்னதாக ஓர் அமைதி. அப்புறம்தான் 'ஏங்க'. அந்த மூச்சுக்கே நான் தலையைத் தூக்கிவிடுவேன். அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த அமைதி மைக்கில் விழவில்லை. பிறகொரு நாள் நானே அதை ஒரு வரி நிரலாக எழுதிச் செருகினேன். காரணம் எழுதவில்லை. என்னவென்று எழுதுவது?

இப்போது எங்கெங்கோ யார் யாரோ, தங்கள் வீட்டுக்காரரைக் கூப்பிட என் மனைவியின் மூச்சுக்காகக் காத்திருக்கிறார்கள். யாருக்காவது நெஞ்சுவலி என்றால்?

மரங்கொத்தி சொன்னது நியாயம். நியாயம் என்று தெரிந்ததும் எனக்குக் கோபம் வந்தது.

'இது பிழையல்ல. இருந்துவிட்டுப் போகட்டும்' என்று தட்டினேன். காரணம் எழுதும் பெட்டி காலியாக என்னையே பார்த்தது. அழித்தேன். மறுபடி தட்டினேன். நிராகரிக்கும் பட்டன்மேல் விரலை வைத்துக்கொண்டு, இல்லாத ஒரு தொழில்நுட்பக் காரணத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"ஏங்க."

முதுகுக்குப் பின்னாலிருந்து, சட்டென்று. மூச்சு இல்லை, அமைதி இல்லை.

நான் இன்னும் திருத்தத்தை ஏற்கவே இல்லையே. 'ஏங்க' இப்படி ஒலிக்கக்கூடிய போன் இப்போதைக்கு ஒன்றே ஒன்றுதான் இருக்க முடியும். அது மரங்கொத்தியுடையது.

திரும்பினேன்.

சமையலறை வாசலில் என் மனைவி நின்றிருந்தாள். கழுத்துத் தழும்பின் மேல் துணி, கையில் போன். ஆபரேஷனுக்குப் பிறகு குரல் மட்டும்தான் அவளிடம் இல்லை. நான் வேலைக்குப் போன பின் இணையத்தில் ஏதோ வகுப்பு பார்க்கிறாள் என்று தெரியும். தையல் என்று நினைத்திருந்தேன்.

அவள் தட்டினாள். அவள் குரல் பேசியது.

"அது மூச்சு இல்லீங்க, கோவத்தை முழுங்கற நேரம். இப்பல்லாம் முழுங்கறதில்ல, நேரா தட்டிடறேன். வீட்ல சொன்னா காதுலயே வாங்க மாட்டீங்க, அங்க வந்து சொன்னா மட்டும் வரி வரியா படிக்கறீங்க!"

சேர்க்கும் பட்டனை அழுத்தினேன். காரணம் எழுதும் பெட்டியைக் காலியாகவே விட்டேன்.

புதியவர்களுக்குத் தானாகப் போகும் செய்தி ஒன்று உண்டு. நான் எழுதி வைத்ததுதான். அது அவள் போனுக்குப் போய்ச் சேர்ந்தது. அவள் அதைச் செயலியிலேயே ஓடவிட்டாள்.

'இந்தச் செயலிக்கு உங்கள் முதல் பங்களிப்பு. மிக்க நன்றி' என்றது அவள் குரல்.

சத்தமே இல்லாமல் தோள் குலுங்கச் சிரித்தாள். பிறகு போனை என் பக்கம் திருப்பி, 'முதல்' என்ற வார்த்தையின் மேல் விரலை வைத்து, அதே விரலால் தன் கழுத்தைத் தொட்டு, என்னைப் பார்த்தாள்.