சாய்ந்து நிற்கும் கம்பிகள்

மினசோட்டாவின் கோடை வெயில் சாயங்காலமாகியும் இறங்க மாட்டேன் என்கிறது. வீட்டுக்குப் பின்னால் ஆளுயரத்தில் நிற்கும் பலகைத் தளத்துக்குக் கைப்பிடி வைக்க ஆள் கூப்பிட்டால் கட்டுப்படியாகாது என்று வெர்ன் தானே இறங்கிவிட்டார். கடைசித் திருகையும் முடுக்கிவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து பார்க்கிறார். கறுப்புக் கம்பிகள் அத்தனையும் காற்றடித்த சோளப்பயிர் மாதிரி ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்கின்றன. முடுக்கினால் நிமிர்ந்துவிடும் என்று ஒவ்வொன்றையும் சுத்தியலால் தட்டித் தட்டி இறக்கிய வலி இன்னும் மணிக்கட்டில் இருக்கிறது. வலைக்கதவைத் தள்ளிக்கொண்டு ஐஸ் டீயோடு வரும் மனைவி மார்லிஸ் தலையை ஒரு பக்கம் சாய்க்கிறாள். “இப்படிப் பாத்தா நேராத்தான் இருக்கு, வெர்ன்.”

“கிண்டல் பண்ணாத. கைப்பிடியோட மேல்பலகை, கீழ்ப்பலகை ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு சேத்துக் கட்டித்தான் துளை போட்டேன். அப்புறம் எப்படிக் கோணும்?”

“நாளைக்கு மக வர்றா, தவழுற புள்ளயோட. ஆட்டியாவது பாத்தியா?”

அவர் ஆத்திரத்தோடு ஆட்டுகிறார். முனையிலிருந்த ஒரு கம்பி துளையிலிருந்து நழுவி, கீழே கல்லில் டங்கென்று விழுகிறது. குனிந்து அந்தத் துளையைப் பார்க்கிறார். மேல்பலகையின் அடியில், தடித்த பென்சிலில், அவருடைய கையெழுத்திலேயே ‘வீட்டுப் பக்கம்’ என்று எழுதியிருக்கிறது. வீட்டுச் சுவரைத் தொட வேண்டிய அந்த முனை, தலைமாறி, தோட்டத்துப் படிக்கட்டின் மேல் இருக்கிறது.

“ஒண்ணும் சொல்லாத,” என்கிறார் வெர்ன், நிமிராமலே.

“நான் எங்க சொன்னேன்?” என்கிறாள் மார்லிஸ், சாய்த்த தலையை நிமிர்த்தாமல்.