முனியப்பன் கயிறு

"இன்னிக்குக் கயிறு கட்டலேன்னா எம்பொண்ண இப்படியே எங்கூரு மணலூர்பேட்டைக்குக் கூட்டிக்கினு போயிடுவேன். அப்புறம் நீ யாரோ, நாங்க யாரோ. ஆமா, சொல்லிட்டேன்!"

செல்லியம்மாள் போட்ட சத்தத்தில் கரியாலூர் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. மருமகன் வேடியப்பன் தலையைக் குனிந்துகொண்டான்.

"கட்டிடலாம் அத்த."

மலையடிவாரத்து முனியப்பன் கோயிலில் குடிகாரர்களுக்குக் கயிறு கட்டுவார்கள். சாமி முன்னால் சத்தியம் செய்து கட்டிக்கொண்டால், அது கையில் இருக்கும்வரை பாட்டிலைத் தொடக்கூடாது. தொட்டால் முனியப்பன் சும்மா விடமாட்டார். எத்தனையோ குடும்பங்கள் அந்த ஒரு முழக் கயிற்றை நம்பித்தான் அடுப்பு மூட்டுகின்றன.

பாழாய்ப்போன சாராய நாற்றம்! பஸ் ஏறியதிலிருந்து செல்லியம்மாளின் மூக்கைத் துளைத்தது. பக்கத்தில் மகள் செவ்வந்தி முந்தானையால் வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அந்தப் பக்கம் அவன். எத்தனை நாளாக இந்த நாற்றத்தோடு குடித்தனம் நடத்துகிறாளோ, பாவி மகள்!

"கோயிலுக்கு வர்ற அன்னிக்குமா ஊத்திக்கினு வரணும்?"

செவ்வந்திதான், "வுடும்மா" என்றாள் முந்தானைக்குள்ளிருந்து.

"இன்னாத்த வுடறது? நீ குடுக்கற எடம்டி இதெல்லாம்!"

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கரும்பு வெட்டப் போன இடத்தில் செவ்வந்திக்கு ஆறு மாசப் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. அந்த வீட்டுக்குள் சனியன் நுழைந்தது அதற்கப்புறம்தான். பொங்கல் வரிசை வைக்கப் போன செல்லியம்மாள், மருமகன் பையில் பாட்டிலைப் பார்த்துவிட்டாள். இது யாருடையது என்று கேட்டதற்கு, "என்துதான் அத்த" என்று கொஞ்சமும் கூசாமல் சொன்னான். அன்றோடு அவனை மாப்பிள்ளை என்று கூப்பிடுவதை விட்டாள்.

வேலைக்கும் ஒழுங்காகப் போவதில்லை. செவ்வந்தியைத் தனியாக விட்டுப் போக மனசு வரவில்லையாம். சாக்கைப் பாரு! பெண்ணோ எலும்பும் தோலுமாக இருந்தாள். ஒரு டம்ளர் தண்ணீரைக்கூடச் சிந்தாமல் குடிக்க முடியாத அளவுக்குக் கை நடுங்கியது. இவன் அடித்து அடித்துத்தான் அவளுக்கு இந்த நடுக்கம் என்று செல்லியம்மாள் ஊரெல்லாம் சொல்லி அழுதிருக்கிறாள்.

பஸ்ஸை விட்டு இறங்கும்போது அவன் செவ்வந்தியின் தோளைப் பிடித்துக்கொண்டான். கோயில் படியேறும்போதும் விடவில்லை.

"சொந்தக் கால்ல நிக்கத் துப்பில்ல. இவனுக்கு எம்பொண்ணு முட்டுக் குடுக்கணும். தலையெழுத்து!"

கோயிலில் நாலைந்து பேர் முன்னால் நின்றார்கள். பெண்டாட்டியோ அம்மாவோ கையைப் பிடித்து இழுத்து வந்த ஆட்கள். செல்லியம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற பெண் அவள் கையைப் பற்றிக்கொண்டாள்.

"அழுவாதக்கா. நானும் இங்க நின்னு அழுதவதான். எங்கூட்டுக்காரரு கயிறு கட்டி எட்டு மாசம் ஆவுது. இன்னும் ஒரு வருஷம் கட்டிக்கலாம்னு அவரே கூட்டிக்கினு வந்தாரு. திருந்தாதவங்க யாருமில்ல. நீ திட்டறத மட்டும் கம்மி பண்ணு."

திட்டாமல் கொஞ்சவா முடியும்? ஆனாலும் மனசு கேட்கவில்லை. நல்ல பையன்தான். பிள்ளை போனபோது ஆஸ்பத்திரி வாசலில் செவ்வந்தியைவிட அதிகமாக அழுதவன் அவன். முனியப்பா, இவனுக்கு நல்ல புத்தியைக் கொடு. எம்பொண்ணு வாழணும்டா சாமி!

"அடுத்தது யாரு? ஆம்பளைன்னா வலது கைய நீட்டு. எத்தினி நாளைக்கு?" என்றார் பூசாரி, மஞ்சள் கயிற்றைப் பிரித்தபடி.

செல்லியம்மாள் முந்திக்கொண்டாள். "ஒரு வருஷத்துக்குக் கட்டு சாமி. நல்லா இறுக்கிக் கட்டு. நீட்டுய்யா கைய!"

வேடியப்பன் செவ்வந்தியை ஒரு தடவை பார்த்தான். பிறகு வலது கையை நீட்டினான்.

"வாணாம் மாமா." செவ்வந்தி அவன் கையைப் பிடித்து இறக்கினாள். "எனக்காவ ரெண்டு வருஷமா எல்லார்கிட்டயும் பேச்சு வாங்கிட்ட. சாமிகிட்டயுமா பொய் சொல்லுவ?"

"இன்னாடி ஒளறற?" என்றாள் செல்லியம்மாள்.

செவ்வந்தி முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். பஸ்ஸில் மூக்கைத் துளைத்த அதே வாடை செல்லியம்மாளின் முகத்தில் அடித்தது.

வளையல்களை மேலே தள்ளிவிட்டு, நடுங்கும் தன் இடது கையைப் பூசாரி முன்னால் நீட்டினாள் செவ்வந்தி. "எனக்குக் கட்டுங்க சாமி."