பச்சை டிக்

தாளை லேமினேட் செய்திருந்தார்கள்.

அதை அவள் எதிர்பார்க்கவில்லை. கால்வாய்க்கரையில் முதல் வீட்டுக் கதவில் ஒன்று, அடுத்த கதவில் ஒன்று, அதற்கடுத்ததிலும்.

எல்லாம் அவள் வடிவமைத்த இணையப் பக்கத்தின் பிரிண்ட். வீட்டைக் காலி செய்யச் சொன்னால் இலவசமாக வக்கீல் உதவி கேட்பதற்கான இணையதளம் அது. விண்ணப்பத்தை அனுப்பியதும் கடைசியில் இந்தப் பக்கம் வரும். நடுவில் பெரிய பச்சை டிக். கீழே, 'உங்கள் விண்ணப்பம் கிடைத்தது. தைரியமாக இருங்கள்.'

அந்த டிக்குக்காக அலுவலகத்தில் சண்டையே போட்டாள். பயந்து வருகிறவர்களுக்கு ஒரு நிம்மதி வேண்டாமா என்று கேட்டாள்.

நிம்மதியாம் நிம்மதி.

போன மாதம் அவளே வந்து இந்த வீடுகளுக்கெல்லாம் விண்ணப்பம் போட்டுக் கொடுத்திருந்தாள். ஒரு விண்ணப்பத்தைக்கூட எந்த வக்கீலும் இன்னும் திறக்கவில்லை. இடிப்பு இன்றைக்கு என்று காலையில்தான் தெரிந்தது. சொல்லிவிட ஓடி வந்தாள்.

புல்டோசர் முந்திக்கொண்டது.

வேறு இடமாக இருந்தால் இந்நேரம் கட்டில், பீரோ, பாத்திரமெல்லாம் தெருவில் கிடக்கும். இங்கே ஒரு குடம்கூட வெளியே வரவில்லை. யாரும் பதறவும் இல்லை.

முதல் வீட்டுத் தேசம்மா தன் கதவிலிருந்த தாளைப் பிய்த்துக்கொண்டு, புல்டோசரோடு வந்த அதிகாரியிடம் போனாள்.

"கோர்ட்டு ஆர்டர் வந்துகீது சார். இத்தப் பாரு, டிக்கு போட்டுக் குட்துகீறாங்க."

அவர் படித்தார். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடக் கூட்டத்தில் நின்ற அவள் தாங்கியிருப்பாள்.

"இது ஆர்டர் இல்லம்மா. யாரு குடுத்தது?"

தேசம்மா கூட்டத்துக்குள் தேடினாள். அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"தோ, இந்தப் பொண்ணுதான் சார். வந்துட்ச்சு பாரு!"

முப்பது வீட்டுப் பெண்களும் திரும்பினார்கள். மரியாதையாக வழிவிட்டார்கள்.

"நீங்க வக்கீலா?"

அவளுக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

"இல்ல சார். அரை மணி நேரம் மட்டும் குடுங்க."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முடியாது என்று சொல்லவில்லை.

அவள் தேசம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. நேராக அந்த வீட்டுக்குள் போனாள். அடுப்பில் சோறு பாதி வெந்திருந்தது. அடுப்பை அணைத்தாள். முந்தானையால் பானையைப் பிடித்துத் தூக்கி, தெருவுக்குக் கொண்டுவந்து வைத்தாள்.

அப்போதுதான் பெண்கள் அழத் தொடங்கினார்கள்.