அரைக் கிலோ மாம்பழக் கேக்

ஓவனைத் திறந்ததும் சமையலறை முழுக்க மாம்பழ வாசம்.

கொல்லையில் நிற்பது ஒரே ஒரு மரம்தான். சப்பட்டை ரக மா. ராஜபாளையத்தில் இந்த மாம்பழத்துக்கு ஒரு தனி மதிப்பு உண்டு. மகாலட்சுமி நேற்றே நன்றாகப் பழுத்ததாகப் பார்த்துப் பறித்து, பிழிந்து, நார் போக வடிகட்டி வைத்திருந்தாள்.

ஆர்டர் போன வாரம் போனில் வந்தது.

"அக்கா, பையன் திங்கக்கிழம மொதமொதல்ல ஸ்கூலுக்குப் போறான். அரைக் கிலோல மாம்பழக் கேக்கு ஒண்ணு வேணும்."

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பேசுவதாகச் சொன்னாள் அந்தப் பெண். பெயர் பானுப்பிரியா.

"வீட்டுக்கு வேண்டாம்க்கா. ஸ்கூல் கேட்டுக்கே கொண்டாந்துருங்க. அம்புட்டுத்தான்."

கேக் மேல் என்ன பெயர் எழுதணும் என்று எல்லோரிடமும் கேட்பவள், அன்று கேட்கவில்லை.

முந்திரி, பாதாம் எதுவும் சேர்க்கவில்லை. சேர்க்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அவளாகவே சேர்க்கவில்லை.

கேக் கொடுக்கப் போகும்போது உடுத்தியிருக்கும் சுடிதாரோடு கிளம்பிவிடுவதுதான் வழக்கம். இன்று புடவை கட்டினாள். பிறகு அதை அவிழ்த்துவிட்டு வேறொன்று கட்டினாள்.

பெட்டியை ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் வைத்து, இரண்டு பாதங்களாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து சேர்ந்தாள். வேகத்தடை வந்தபோதெல்லாம் வண்டி கிட்டத்தட்ட நின்றே நகர்ந்தது.

பள்ளிக்கூட வாசலில் ஒரே அழுகைச் சத்தம். ஒரு சிறுமி கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று நின்றாள். ஒரு அப்பா, பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டு, கண்ணில் தூசி விழுந்தவர் மாதிரி கண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

வேப்பமரத்தடியிலிருந்து ஒருத்தி கையைக் காட்டினாள். மகாலட்சுமியைவிடச் சின்னவள். அவள் விரலைப் பிடித்துக்கொண்டு ஒரு பையன். சட்டை தோளுக்கு இரண்டு பக்கமும் வழிந்தது. முதுகைவிடப் பெரிய பை.

மகாலட்சுமி பெட்டியை நீட்டினாள். பானுப்பிரியா அதை வாங்கி, இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"கை ரெண்டும் மாட்டிக்கிச்சுக்கா. செத்த இவன உள்ள கூட்டிட்டுப் போயி, கிளாஸ்ல விட்டுட்டு வாரீகளா?"

அரைக் கிலோ கேக். ஒரு கையில் பிடிக்கலாம்.

மகாலட்சுமி கையை நீட்டினாள். பையன் அம்மாவைப் பார்த்தான். அம்மா தலையாட்டியதும் தயங்காமல் வந்து இவள் விரலைப் பிடித்தான்.

நீளமான வராந்தா. அவன் நடைக்கு அவள் நடந்தாள்.

"ஒங்க கை ஏன் மாம்பழ வாசம் அடிக்குது?" என்று கேட்டான்.

"கேக்கு செஞ்சேன்ல."

"நான் அழ மாட்டேன். அம்மாகிட்டச் சொல்லிட்டேன்."

வகுப்பு வாசலில் நின்ற டீச்சர் குனிந்து அவன் கன்னத்தைத் தட்டினாள். நிமிர்ந்து மகாலட்சுமியைப் பார்த்தாள். மறுபடி அவனைப் பார்த்தாள்.

"கண்ணு ரெண்டும் அப்படியே உங்க கண்ணு. அம்மாதானே?"

"இல்ல டீச்சர். அவங்கம்மா வெளிய நிக்காக."

பையன் விரலை விட்டுவிட்டு உள்ளே போனான். ஓரத்தில் கிடந்த பிளாஸ்டிக் குதிரையில் ஏறி உட்கார்ந்தான்.

திரும்பி நடக்கையில், பொய் சொல்லிவிட்டதாக அவளுக்குத் தோன்றவில்லை.

அவனைப் பெற்றவள் மகாலட்சுமி. ஒரு வயதுவரை வளர்த்ததும் அவள்தான். முந்திரி, பாதாம் பட்டாலே அவனுக்கு உடம்பெல்லாம் தடித்துவிடும் என்று அப்போதே அவளுக்குத் தெரியும். விஜயபாண்டியோடு ஒத்துவராமல் விவாகரத்து ஆனபோது அவளுக்கு வேலை இல்லை, அடுத்த மாதம் எங்கே இருப்பாள் என்றும் தெரியவில்லை. பிள்ளையை அவர்கள் வீட்டிலேயே விட்டுவிட்டு ராஜபாளையம் வந்தாள். பிறகு பார்க்கப் போனபோதெல்லாம் மாமியார் வாசலோடு திருப்பி அனுப்பினாள்.

விஜயபாண்டி மறுபடி கல்யாணம் செய்துகொண்டு ராணுவத்துக்குத் திரும்பிப் போய்விட்டான் என்றும், கட்டிக்கொண்டவளின் பெயர் பானுப்பிரியா என்றும் கேள்விப்பட்டிருந்தாள். காய்ச்சலுக்கு விழித்திருப்பதும் சோறு ஊட்டுவதும் இந்தப் பெண்தான். பையன் அம்மா என்று கூப்பிடுவதும் இவளைத்தான்.

ஊருக்குள் எத்தனையோ பேர் கேக் விற்கிறார்கள். தான் யாரென்று தெரியாமல்தான் அவள் தன்னிடம் கேட்டிருக்கிறாள் என்று மகாலட்சுமி காலைவரை நம்பியிருந்தாள்.

வேப்பமரத்தடியில் பானுப்பிரியா, பெட்டியை ஒரு கையில் வைத்துக்கொண்டு, மறுகையால் முகத்தைத் துடைத்தபடி நின்றாள்.

"அழுதானாக்கா?"

"இல்ல."

"நல்லது."

மகாலட்சுமி ஸ்கூட்டர் சாவியைத் தேடினாள். அது கையிலேயே இருந்தது. இரண்டு பேரும் கேட்டைப் பார்த்தார்கள். கம்பியைப் பிடித்திருந்த சிறுமியையும் யாரோ உள்ளே கூட்டிப் போய்விட்டார்கள்.

"அடுத்த மாசம் அவனுக்குப் பொறந்தநாளு வருதுக்கா," என்றாள் பானுப்பிரியா. "அதுக்கும் நீங்கதான் கேக்கு கொண்டாரணும். தேதி நான் சொல்ல வேண்டாம்ல."